பூகர்ப்ப சாஸ்திரமும் விசாரணைப் பயிற்சியும்

விஞ்ஞானம் என்பது யாது என்று மாணாக்கருக்கு எடுத்துரைக்கப் புகும் பாடப் புத்தகங்கள், எந்த நாட்டில் அச்சிடப்பட்டவையாயினும், பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு படிக்கட்டைக் கட்டி நிறுத்திவிடுகின்றன. உற்று நோக்கல், வினா எழுப்பல், கருதுகோள் அமைத்தல், பரிசோதனை செய்தல், முடிவு கூறல் என்னும் ஐந்து படிகளையும் வரிசையாக ஏறினால் உண்மை என்னும் மாடியை அடைந்துவிடலாம் என்பது அதன் கருத்து. மாணாக்கரும் இவ்வைந்தையும் நெட்டுருச் செய்து பரீட்சையில் ஒப்பித்துவிட்டு, அவற்றை மறுபடி நினைக்கவேண்டிய அவசியமே நேராதபடி பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் போய்விடுகிறார்கள். இந்தப் பட்டியல் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறந்ததன்று. அமெரிக்கத் தத்துவாசிரியர் ஜான் டூயி, மனிதர் சிந்திக்கும் விதத்தைப் பற்றி 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், இக்கட்டில் அகப்பட்டுக்கொண்ட சாதாரண மனிதனின் புத்தி எவ்வாறு படிப்படியாகத் தெளிவுக்கு வருகிறது என்பதை ஐந்து கூறுகளாக வகுத்துக் காட்டினார். பிற்காலத்துப் பாடநூலாசிரியர்களோ, சிந்தனையின் இயல்பை வருணித்த அப்பகுதியை விஞ்ஞானிகள் அனைவரும் தவறாது கைக்கொள்ளும் விதியாக மாற்றி, அதற்குப் பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைந்துவிட்டார்கள்.

இப்படிக்கட்டு எவ்விடத்தில் பயனற்றுப் போகிறது என்பதைக் காண விரும்புவோர் பூமியைப் பற்றிய சாஸ்திரங்களிடம் வரவேண்டும். பௌதிகம் பயில்பவர் ஒரே ஊசலை நூறு முறை ஆட்டிப் பார்க்கலாம். ரசாயனம் பயில்பவர் ஒரே உப்பை இரண்டு குடுவைகளில் இட்டு ஒன்றை மட்டும் சூடேற்றிப் பார்க்கலாம். ஆனால் இமயமலையைக் கரைத்துவிட்டு மறுபடி எழுப்பிப் பார்ப்பது எவராலும் ஆகாது. ஒரே முறை நிகழ்ந்து, கண்ட சாட்சி ஒருவரும் இன்றி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன காரியங்களை, அவை கல்லிலும் மண்ணிலும் விட்டுச்சென்ற அடையாளங்களைக் கொண்டு நிச்சயம் செய்வதே இச்சாஸ்திரங்களின் தொழில். இவ்வகை அறிவு நம் முன்னோருக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகளுள் ஒருவனாக வரும் அளவைவாதி, ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று துணிவதை அனுமானத்தின் வகைகளுள் ஒன்றாக எண்ணிச் சொல்கிறான். காரியத்தைக் கண்டு காரணத்தைத் துணியும் அந்த அனுமானமே பூகர்ப்ப சாஸ்திரியின் தலையாய கருவி. பரிசோதனை செய்ய இயலாமை இத்துறைக்கு ஒரு குறை என்று கருதுவோர் உண்டு. கற்பிக்கும் நோக்கத்தோடு பார்த்தால் அதுவே பெரும் வசதியாகும். ஏனெனில், விடை முன்னமே தெரிந்த பரிசோதனையைச் செய்து, வரவேண்டிய எண் வராவிட்டால் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளும் பள்ளி வழக்கம், ஒரு பாறையின் முன் நிற்கும்போது செல்லுபடியாவதில்லை.

இத்துறையின் முதல் வழக்கே ஒரு பிணப் பரிசோதனையில் தொடங்கியது. 1666ஆம் ஆண்டில் இத்தாலியக் கடற்கரையில் செம்படவர் பிடித்த ஒரு பெருஞ்சுறாவின் தலை, ஃபிளாரன்ஸ் நகரத்தில் இருந்த டென்மார்க் தேசத்து உடற்கூற்று அறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோவிடம் அனுப்பப்பட்டது. அவர் அதன் பற்களைக் கவனித்தபோது, மால்டா முதலிய இடங்களில் பாறைக்குள்ளிருந்து தோண்டியெடுத்து விஷத்துக்கு மருந்தென்று விற்கப்பட்டு வந்த 'நாக்குக் கற்களை' அவை அச்சாக ஒத்திருக்கக் கண்டார். அக்கற்கள் வானிலிருந்து விழுந்தவை என்றும், பாறைக்குள் தாமாகவே முளைத்தவை என்றும் அக்காலத்தார் சொல்லி வந்தனர். பாறைக்குள் முளைத்து வளரும் பொருளாயின், சுற்றியுள்ள கல்லைப் பிளந்திருக்க வேண்டும், அல்லது கல்லின் நெருக்கத்தால் உருக்குலைந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பல்லின் வடிவம் முழுமையாகவும், கல் அதற்கு வழிவிட்டுப் படிந்ததாகவும் காணப்படுவதால், பல் முந்தியது, கல் பிந்தியது என்று அவர் துணிந்தார். இந்த ஒரு சிறு தருக்கத்திலிருந்து 1669ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலில், படிவுப் பாறைகளில் கீழ் அடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்பதும், அடுக்குகள் ஆதியில் கிடைமட்டமாகவே படிந்தன என்பதும், சாய்ந்து கிடக்கும் அடுக்கு பிற்பாடு ஏதோ ஒரு விசையால் சாய்க்கப்பட்டது என்பதும் நிலைநாட்டப்பட்டன. ஸ்டெனோ சில ஆண்டுகளில் இவ்வாராய்ச்சியையே கைவிட்டுக் கத்தோலிக்க மதகுருவாகி, மேற்றிராணியாராகவும் உயர்ந்தார். கல்லின் விஷயத்தில் அவர் எழுதியது மிகக் கொஞ்சம். ஆயினும் கிணறு வெட்டும் இடத்திலோ, சாலைக்காக மேட்டை அறுத்த இடத்திலோ மாணாக்கரைக் கொண்டுபோய் நிறுத்தும் உபாத்தியாயருக்கு இன்றளவும் அவருடைய விதிகளே முதற்பாடம்.

பூமியைப் பற்றிய பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளுள் ஆங்கில உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி சொன்னதே சிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பூமியின் வடிவம் கோளம், அதற்கு இரண்டு துருவங்கள், சூரியனிலிருந்து அதன் தூரம் இவ்வளவு என்று ஆகாயத்திலிருந்து இறங்கி வரும் அக்காலப் பூகோளப் புத்தகங்களை அவர் வெறுத்தார். 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட இயற்கை வருணனை நூலை லண்டன் பாலத்தின் கீழ் ஓடும் தேம்ஸ் நதியிலிருந்து தொடங்கினார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் கலங்கியிருக்கிறது, கலக்கிய மண் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டுக்கொண்டே போய், மழை, மூடுபனி, பனிக்கட்டி, கடல், எரிமலை முதலியவற்றைக் கடந்து, நூலின் இறுதியில்தான் சூரியனை அடைந்தார். சூரியனிலிருந்து தொடங்கும் மாணாக்கன் எதையும் நேரில் பார்க்காமல் நம்பவேண்டியவன். நதியிலிருந்து தொடங்குபவன் ஒவ்வொரு அடியிலும் ஐயுறக் கூடியவன். தமிழ்நாட்டு உபாத்தியாயருக்கு ஹக்ஸ்லியின் நூலை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை. தேம்ஸை எடுத்துவிட்டுத் தம் ஊர் ஆற்றை வைத்துக்கொண்டால் போதும். ஒரு கண்ணாடிக் குப்பியில் ஆற்று மண்ணும் தண்ணீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், மணல் சில நொடிகளிலும், வண்டல் சில நிமிஷங்களிலும், களி மறுநாள் வரையிலும் படிவதைப் பார்க்கும் சிறுவன், காவிரி தன் மேற்பகுதியில் உருண்டைக் கற்களையும் தஞ்சைக் கழிமுகத்தில் மிருதுவான வண்டலையும் வைத்திருப்பதற்குக் காரணத்தைத் தானே சொல்லிவிடுவான்.

இவ்விஷயத்தில் நம் நாட்டுக்கு வாய்த்திருக்கும் செல்வம் சாமானியமானதன்று. பெரம்பலூருக்கு அருகே காரை என்னும் கிராமத்தை ஒட்டிப் புல் பூண்டு அதிகம் இல்லாமல், மழைநீர் அறுத்த ஓடைகளால் கீறிக் கிடக்கும் களிமண் மேடுகளில் நடப்பவர், சுருள் சுருளான அம்மோனைட்டுச் சிப்பிகளையும், துப்பாக்கிக் குண்டு வடிவத்துப் பெலம்னைட்டுத் துண்டுகளையும், வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகளையும் காலடியில் காணலாம். ஸ்டெனோவைச் சிந்திக்கவைத்த சுறாப் பற்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. இன்று கடல் வெகு தொலைவில் இருக்க, சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் அலைத்தது என்பதற்கு இவை சாட்சி. அரியலூர்ப் பிரதேசத்துப் பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அளந்து படமாக்கினார். அவற்றின் சிப்பிகளை ஃபெர்டினாண்டு ஸ்டொலிச்கா பெரும் பெரும் தொகுதிகளாக விவரித்து எழுதினார். அதே சுண்ணாம்புக் கற்கள்தாம் இப்போது சிமெண்டு ஆலைகளுக்கு உணவாகின்றன. சிமெண்டு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆலைக்குப் போகும் முன் அந்தக் கல்லை ஒரு முறையேனும் பார்த்த மாணாக்கர் அப்பிரதேசத்திலேயே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது மட்டும் கேட்கத்தக்க கேள்வி.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் இதைவிட நல்ல பாடம். பிரெஞ்சு யாத்திரிகர் சொன்னெரா 1781ஆம் ஆண்டிலேயே அவற்றைக் குறித்து எழுதினார். சுமார் இரண்டு கோடி ஆண்டு வயதுள்ளனவாகச் சொல்லப்படும் அந்த மரங்களின் வளையங்களும், கணுக்களும், வெடிப்புகளும் அப்படியே இருக்க, மரம் மட்டும் இல்லை. அணு அணுவாக மரம் நீங்கி அதன் இடத்தைச் சிலிகா பிடித்துக்கொண்டது. இவ்வளவும் அறிவிப்புப் பலகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதே. பலகையை மறைத்துவிட்டு, இந்த மரங்கள் இந்த இடத்திலேயே வளர்ந்தவையா என்று கேட்க வேண்டும். சற்று நேரம் சுற்றிவந்த பிறகு, கிளைகள் எங்கே என்று ஒரு மாணவி கேட்பாள். வேர்கள் எங்கே என்று மற்றொருத்தி கேட்பாள். எல்லாமே ஏன் படுத்துக் கிடக்கின்றன என்பது மூன்றாவது கேள்வி. கிளையும் வேரும் பட்டையும் தேய்ந்து, அடிமரம் மட்டுமாக மணற்கல்லில் புதைந்து கிடப்பதால், எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்ற துணிபுக்கு அவர்களே வந்து சேர்வார்கள். பெரம்பலூர்ப் பகுதியில் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமோ இதனினும் பன்மடங்கு தொன்மை வாய்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த முதல் இந்தியரான எம். எஸ். கிருஷ்ணன் அதை 1940ஆம் ஆண்டில் வெளியுலகுக்கு அறிவித்தார். அங்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஆனால் கடற்சிப்பிகள் நிறைந்த படிவில் ஒரு நிலத்து மரம் எப்படி வந்தது என்ற கூடுதல் சிக்கல் உண்டு; அது இன்னும் ருசியானது.

நுட்பமான அளவை என்பதும் விசாரணையே என்று காட்டுவதற்கு நம் நாட்டுச் சரித்திரம் தரும் உதாரணத்துக்கு நிகராக உலகில் வேறொன்று இருப்பதாக நான் அறியேன். 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன், சென்னைப் பரங்கிமலையில் தொடங்கிச் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, அதைக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தேசம் முழுவதையும் அளக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி, தஞ்சைக் கோவில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமுற்றதும், அதை அவரே பொறுமையோடு செப்பனிட்டதும் பலரும் அறிந்த கதை. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்டு அந்த அளவையை வடக்கே கொண்டுசென்றபோது, மத்திய இந்தியாவில் உள்ள கலியான்பூருக்கும் இமயத்தை நெருங்கிய கலியானாவுக்கும் இடைப்பட்ட அட்சரேகை வித்தியாசத்தை நிலத்தில் அளந்து கணித்த எண்ணும், நட்சத்திரங்களைக் கொண்டு கணித்த எண்ணும் 5.24 விகலை அளவுக்கு மாறுபட்டன. நிலத்தில் அது சுமார் 160 மீட்டர். அறுநூறு கிலோமீட்டர் தூரத்துக்கு இவ்வளவுதான் பிழை என்று எவரும் திருப்திப்படலாம். எவரெஸ்டும் அதைக் கணக்கில் பகிர்ந்து சரிக்கட்டிவிட்டார். ஆனால் கல்கத்தாவில் கிறிஸ்தவ மதத் தலைவர்களுள் ஒருவராயிருந்த ஜான் பிராட் என்ற கணித வல்லுநர், இமயமலை தன் பருமனால் தூக்குக் குண்டைத் தன்பால் இழுப்பதே அதற்குக் காரணம் ஆகலாம் என்று ஐயுற்று, மலையின் பருமனைக் கணித்துப் பார்த்தார். இழுப்பு கிட்டத்தட்ட 15.9 விகலை இருக்கவேண்டும் என்று விடை வந்தது. மாறுபாடு அதிகமாக இருந்தது ஏன் என்ற கேள்வி, இவ்வளவு குறைவாக இருந்தது ஏன் என்று தலைகீழாகிவிட்டது. 1855ஆம் ஆண்டில் ஆங்கில வானநூல் அறிஞர் ஜார்ஜ் ஏரி இதற்கு ஒரு சமாதானம் சொன்னார்: மலைக்கு அடியில், சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்த வேர் ஒன்று ஆழமாக இறங்கியிருக்க வேண்டும், மலை பூமியின் மேல் வைக்கப்பட்ட சுமை அன்று, மிதப்பது. பிராட் வேறொரு சமாதானம் சொன்னார். மலைகளுக்கு வேருண்டு என்ற சித்தாந்தம் ஐந்து விகலைப் பிழையை அலட்சியம் செய்யாத ஒருவரால் பிறந்தது. நம் மாணாக்கருக்கு எவரெஸ்டின் பெயர் தெரியும். பிராட்டின் பெயர் தெரியாது.

அந்தப் பரங்கிமலையின் கல்லும் ஒரு பாடம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கற்களை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, 1893ஆம் ஆண்டில் அவ்வகைப் பாறைக்குச் 'சார்னோக்கைட்டு' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் சமாதிக்கல் சென்னையிலிருந்து கொண்டுபோன அதே இனத்துக் கல் என்பதே காரணம். புதிதாக உடைத்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால், எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பும், நீலச்சாயல் கொண்ட பளிங்குத் துகளும் புலப்படும். 250 கோடி ஆண்டுகளையொட்டிய வயதுள்ள அப்பாறை பூமியின் மேலோட்டில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது என்று அதன் கனிமங்கள் சொல்கின்றன. அவ்வளவு ஆழத்துக் கல் இன்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எப்படி வந்தது, அதன்மேல் இருந்த மலையெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டு ஒரு வகுப்பை ஒரு மணி நேரம் மௌனமாக வைத்திருக்கலாம்.

இனி, விசாரணை எப்போதும் வெற்றியில் முடிவதில்லை என்பதை மாணாக்கருக்குக் காட்டவேண்டிய இடத்துக்கு வருவோம். இங்கேதான் பாடநூல்கள் மிகவும் கஞ்சத்தனம் காட்டுகின்றன. பூமியின் வயது பற்றிய வழக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தில் சிக்கர் முனை என்னும் கடலோரப் பாறையில், ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் பழைய அடுக்குகளின் தலையைச் சமமாக அறுத்து, அதன்மேல் மென்சாய்வாகச் செந்நிற மணற்கல் படிந்திருப்பதை 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹட்டன் தம் நண்பர் இருவருக்குக் காட்டினார். படிந்து, கல்லாகி, மடங்கி, நிமிர்ந்து, தேய்ந்து, மறுபடி கடலுக்குள் அமிழ்ந்து, மறுபடி படிந்து, மறுபடி எழுவதற்கு எத்தனை காலம் வேண்டும்! அளவற்ற காலம் என்றார்கள் அவருடைய வழிவந்தோர். 1859ஆம் ஆண்டில் டார்வின், தென் இங்கிலாந்துப் பள்ளத்தாக்கு ஒன்று தேய்வதற்கே முப்பது கோடி ஆண்டு என்று ஒரு குத்துமதிப்புச் சொன்னார். இந்த அளவற்ற காலத்துக்கு வரம்பு கட்ட முன்வந்தவர் அந்நூற்றாண்டின் தலைசிறந்த பௌதிக விஞ்ஞானிகளுள் ஒருவரான வில்லியம் தாம்சன், பிற்காலத்து கெல்வின் பிரபு. சுரங்கத்தில் இறங்க இறங்க உஷ்ணம் ஏறுகிறது. ஆகவே பூமி உஷ்ணத்தை இழந்துகொண்டிருக்கிறது. உருகிய நிலையிலிருந்து தொடங்கி இன்றைய உஷ்ண ஏற்ற விகிதத்துக்கு வர எவ்வளவு காலமாயிருக்கும் என்று கணித்து, 1862ஆம் ஆண்டில் 9.8 கோடி ஆண்டு என்றும், பிழைக்கு இடம்விட்டு 2 கோடி முதல் 40 கோடிக்குள் என்றும் தீர்ப்பளித்தார். வயதாக ஆக அவர் தீர்ப்பும் சுருங்கியது. 1897ஆம் ஆண்டில் 2 கோடிக்கும் 4 கோடிக்கும் நடுவில் வந்து நின்றது. டார்வினோ கெல்வினின் தீர்ப்புக்கு முன்னரே தம் முப்பது கோடியைப் பின்பதிப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். கணிதத்தின் முன் கல்லுடைப்பவர்கள் தலைகுனிந்தார்கள்.

கெல்வினின் கணிதத்தில் பிழையில்லை. பூமியின் உட்புறம் கெட்டியான திடப்பொருள், அதில் உஷ்ணம் கடத்தலால் மட்டுமே வெளிவருகிறது என்ற அனுமானத்தில்தான் பிழை. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, பூமிக்குள்ளேயே ஓர் உஷ்ண ஊற்று இருப்பது தெரிந்ததால் கெல்வின் வீழ்ந்தார் என்று அநேகமாக எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அது முழு உண்மையன்று. அந்த உஷ்ணத்தைச் சேர்த்துக் கணித்தாலும் அவர் விடை பெரிதாக மாறாது. உண்மையான குறையைக் கதிரியக்கம் அறியப்படுவதற்கு முன்னரே, 1895ஆம் ஆண்டில், அவரிடம் உதவியாளராயிருந்த ஜான் பெர்ரி சுட்டிக்காட்டினார்: பூமியின் ஆழத்தில் உஷ்ணம் எளிதாகப் பரவுமாயின், மேற்பரப்பின் உஷ்ண ஏற்றம் நெடுங்காலம் குறையாது, வயதும் பன்மடங்காகும். குருவுக்கு எதிராகப் பேச மனமில்லாமல், மிகுந்த பணிவோடு எழுதப்பட்ட அவ்வாட்சேபத்தை யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை. தவறான காரணத்துக்காகச் சரியான முடிவு பிரபலமாகிவிட்டது. ஒரு மாணாக்கன் தான் செய்த கணக்கைச் சரிபார்ப்பதோடு, கணக்கு நிற்கும் அஸ்திவாரத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நான் கண்டதில்லை.

இதற்கு நேரெதிரான வழக்கு ஒன்று அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் நடந்தது. 1890ஆம் ஆண்டில் தாமஸ் சேம்பர்லின் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, ஒரே கருதுகோளை வைத்திருப்பவர் தாம் பெற்ற பிள்ளையிடம் தகப்பன் காட்டும் பட்சபாதத்தை அதனிடம் காட்டத் தொடங்கிவிடுவார் என்றும், ஆகையால் பல கருதுகோள்களை ஒரே சமயத்தில் சமமாக வளர்த்து ஒன்றோடொன்று மோதவிட வேண்டும் என்றும் எழுதினார். மறு ஆண்டே அந்நெறியைக் கிரோவ் கார்ல் கில்பர்ட் செயலில் காட்டினார். சுமார் 1.2 கிலோமீட்டர் அகலமும் 170 மீட்டர் ஆழமும் உள்ள வட்டக் குழி ஒன்று. சுற்றிலும் விண்ணிலிருந்து விழுந்த இரும்புத் துண்டுகள். சற்று தூரத்தில் அணைந்த எரிமலைகள். இரும்புக் கோளம் விழுந்து குழி ஏற்பட்டதா, அல்லது பூமிக்குள் நீராவி வெடித்து ஏற்பட்டதா? கோளம் விழுந்திருந்தால் அது குழியின் அடியில் புதைந்திருக்க வேண்டும். புதைந்திருந்தால் காந்த ஊசி அசைய வேண்டும். புதைந்த இரும்பு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், வெளியே எறியப்பட்டு விளிம்பாகக் குவிந்த மண்ணின் கன அளவு குழியின் கன அளவைவிட அதிகமாயிருக்க வேண்டும். கில்பர்ட் இரண்டையும் அளந்தார். ஊசி அசையவில்லை. கன அளவுகள் ஏறக்குறைய சமம். ஆகவே நீராவி வெடிப்பே என்று முடிவு செய்து, தாம் எண்ணிய விதத்தை ஒளிவு மறைவின்றி 1896ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

முறை குற்றமற்றது; முடிவு தவறு. விண்கல் அவ்வளவு வேகத்தில் மோதும்போது பெரும்பாலும் உருகியும் ஆவியாகியும் சிதறிவிடும் என்பதை அக்காலத்தில் யாரும் அறியார். பாரிஞ்சர் என்ற சுரங்கக்காரர் புதைந்த இரும்பைத் தேடி இருபதாண்டுகளுக்கும் மேல் துளையிட்டுச் செல்வம் தொலைத்தார். அக்குழியில் விண்கல்லின் மோதலைத் தவிர வேறெதனாலும் அவ்விடத்தில் உண்டாக முடியாத அமுக்கத்தைக் காட்டும் கோயசைட்டு என்ற கனிமத்தை யூஜீன் ஷூமேக்கரும் அவருடைய சகாக்களும் 1960ஆம் ஆண்டில் கண்டறிந்த பிறகே ஐயம் ஒழிந்தது. இதில் ஒரு விசித்திரம்: சந்திரனில் உள்ள குழிகள் மோதலால் உண்டானவை என்று 1893ஆம் ஆண்டிலேயே வாதாடியவர் இதே கில்பர்ட்! சந்திரன் விஷயத்தில் அவர் சொன்னது சரி. கில்பர்ட்டின் கட்டுரை பள்ளிகளுக்குத் தக்கவாறு சுருக்கப்பட்டு எல்லா மொழிகளிலும் கிடைக்கச் செய்யப்படுமாயின், ஐந்து படிகளைப் பற்றிய அத்தியாயத்தைக் கிழித்துவிடலாம் என்பது என் துணிபு.

மேலே சொன்ன இரண்டு வழக்குகளும் ஓரிடத்தில் கூடுகின்றன. பாறைகளில் யுரேனியம் ஈயமாக மாறும் விகிதத்தைக் கொண்டு வயது காணும் முறையை, இருபத்தோரு வயது நிரம்பிய ஆர்தர் ஹோம்ஸ் 1911ஆம் ஆண்டில் பயன்படுத்தியபோது, அவர் பட்டியலில் மிகப் பழமையானதாக நின்றது இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரி. அதற்கு அவர் கண்ட வயது 164 கோடி ஆண்டு. பூமியின் வயதுக்கு இறுதி எண்ணைத் தந்தவர் கிளேர் பேட்டர்சன். 1956ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டு; பிழைக்கு இடம் ஏழு கோடி. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட விண்கற்களுள் முதன்மையானது, கில்பர்ட் பார்த்த அதே அரிசோனாக் குழியைச் சுற்றிச் சிதறிக் கிடந்த இரும்பு. முதலில் அவருடைய எண்கள் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. காரணத்தைத் தேடியபோது, ஆய்வுக்கூடத்தின் காற்றிலும், பாத்திரங்களிலும், ஆய்வாளரின் தலைமயிரிலும் ஈயம் இருப்பது தெரிந்து, தூசியற்ற கூடம் ஒன்றையே அமைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு ஈயம் உலகில் எப்படி வந்தது என்ற கேள்வி அவரைப் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயத்துக்கு எதிரான நீண்ட போராட்டத்துக்கு இட்டுச் சென்றது.

மற்ற வழக்குகளைச் சுருங்கச் சொல்லலாம். மனிதர் துளையிட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாத் தீபகற்பத்தில் 12,262 மீட்டர். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். ஆகவே உட்புறத்தைப் பற்றி நாம் அறிந்தது பெரும்பாலும் பூகம்ப அலைகளின் வாயிலாகவே. 1897ஆம் ஆண்டின் அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்டு ஓல்டம், அவ்வலைகளை வகை பிரித்து, 1906ஆம் ஆண்டில் பூமிக்கு நடுவே வேறு தன்மையுள்ள உட்கரு உண்டென்று காட்டினார். அந்த உட்கருவுக்குள்ளும் மற்றொரு கரு உண்டென்று 1936ஆம் ஆண்டில் இங்கெ லேமன் என்ற டென்மார்க் அம்மையார் கண்டார். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912ஆம் ஆண்டில் சொன்ன வேகனரின் கதை பள்ளிகளில் ஏற்கெனவே போதிய அளவு சொல்லப்படுகிறது. அவரை எதிர்த்தவர்கள் மூடர்கள் என்ற தொனியில் சொல்லப்படுவதுதான் வருத்தம். கண்டங்களை நகர்த்தும் விசை எது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கிடைக்க ஐம்பதாண்டு பிடித்தது.

கற்பிக்கும் முறையைச் சீர்திருத்தச் செய்யப்பட்ட முயற்சிகள் பல. ரஷ்யரின் ஸ்புட்னிக் கோளம் 1957ஆம் ஆண்டில் பறந்த பிறகு திடுக்கிட்ட அமெரிக்கர், விஞ்ஞானப் பாடங்களை முழுவதும் திருத்தி எழுதப் புகுந்து, பூமியைப் பற்றிய விசாரணையை மையமாகக் கொண்ட பாடநூல் ஒன்றை 1967ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நல்ல நூல், ஆனால் அதைக் கற்பிக்கத் தெரிந்த உபாத்தியாயர் குறைவு. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972ஆம் ஆண்டில் பதினாறு கிராமப் பள்ளிகளில் தொடங்கி, பின்பு பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய முயற்சி, மாணாக்கர் தாமே செய்து பார்த்துக் கற்கலாம் என்பதையும், மலிவான பொருள்களே போதும் என்பதையும், புத்தகத்தைத் திறந்துவைத்துப் பரீட்சை எழுதலாம் என்பதையும் மெய்ப்பித்தது. 2002ஆம் ஆண்டில் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. செய்து கற்றல் என்ற பெயரில் நடக்கும் போலிகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். களிமண்ணால் மலை செய்து, அதன் வாயில் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி, சிவப்பு நுரை பொங்குவதைக் காட்டிப் பரிசு வாங்காத பள்ளிக் கண்காட்சி இல்லை. எரிமலையில் அமிலமும் சோடாவும் கலப்பதில்லை. அந்த நுரையிலிருந்து எரிமலையைப் பற்றி எந்தக் கேள்விக்கும் விடை கிடைப்பதில்லை. கைதட்டல் மட்டும் கிடைக்கிறது. கூழாங்கல் பத்தைப் பொறுக்கி, அவற்றைத் தன் மனம்போல் இனம் பிரித்து, ஏன் அப்படிப் பிரித்தேன் என்று காரணம் சொல்லும் சிறுமி அதைவிட அதிகம் கற்றிருக்கிறாள்.

உபாத்தியாயர்கள் எழுப்பும் ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. அது நியாயமான ஆட்சேபம். பாடத்திட்டம் நீளமானது, ஆண்டு குறுகியது, அறுபது பிள்ளைகளைக் குவாரிக்கு அழைத்துப் போவது அபாயமும்கூட. ஆயினும் இடையூறுகளுள் பெரியது பரீட்சை என்றே நான் நினைக்கிறேன். பாறைகள் எத்தனை வகைப்படும் என்ற வினா இருக்கும் வரையில், மூன்று என்ற விடைக்கு மேல் எவரும் கற்கப் போவதில்லை. அவ்வினாவுக்குப் பதிலாக, கில்பர்ட் கண்ட இரண்டு அளவைகளையும், சுற்றிலும் கிடந்த இரும்புத் துண்டுகளின் செய்தியையும் கொடுத்து, அவர் முடிவை ஏற்பாயா மறுப்பாயா, மறுப்பாயாயின் இன்னும் எதை அளக்கச் சொல்வாய் என்று கேட்கலாம். ஏற்பதாக எழுதியவனுக்கும், மறுப்பதாக எழுதியவனுக்கும், காரணம் சரியாயிருந்தால் ஒரே மதிப்பெண் வழங்க வேண்டியிருக்கும். விடைத்தாள் திருத்துவோருக்கு அச்சிட்டு அனுப்பும் விடைக்குறிப்பில் இதற்கு இன்று இடமில்லை. அதை முதலில் மாற்றி எழுதிய பிறகு பாடத்திட்டத்தைத் திருத்தப் புகுவதே முறை.